யந்திரத்துக்குக் கடன்; தூசிக்கு யார் பொறுப்பு?

நம் சங்கத்து அங்கத்தினர் எல்லோரும் தறியோடும் தோட்டத்தோடும் நின்றுவிடுவதில்லை. வீட்டின் பின்கட்டிலோ, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சார்ப்பிலோ ஒரு தச்சுப் பட்டறை வைத்துக்கொண்டு, தறிக்கு வேண்டிய நாடா, மிதிபலகை, படைமரம் ஆகியவற்றையும், ஊராருக்கு வேண்டிய கதவு, முக்காலி, ஊஞ்சற்பலகை ஆகியவற்றையும் செய்து சிறு வருமானம் காண்போர் உளர். அவர்களுள் சிலர் இப்பொழுது உருளைத் தேய்ப்பு யந்திரம் வாங்கக் கடன் கேட்கின்றனர். கடைக்காரர்கள் ‘டிரம் சாண்டர்’ என்று கூறுவது இதனையே. கடன் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கொடுக்கலாம் என்றே சொல்வேன். ஆனால் யந்திரத்துக்கு மட்டும் கொடுக்கலாகாது. அது கக்கும் தூளைப் பிடிக்கும் சாதனத்தையும் சேர்த்து ஒரே கடனாகக் கொடுக்க வேண்டும்; அதற்கு இயலாதெனில் விண்ணப்பத்தைத் திருப்பிவிட வேண்டும். இது கடுமையான பேச்சாகச் சிலருக்குத் தோன்றும். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

யந்திரத்தின் சிறப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஓர் உருளையின்மேல் உப்புத்தாள் சுற்றப்பட்டு வேகமாகச் சுழல்கிறது. அதன்கீழ் நகரும் பட்டையொன்று பலகையை ஒரே சீராக உள்ளே செலுத்துகிறது. இவ்வளவுதான் அதன் அமைப்பு. ஆயினும் கைத்திறன் மிக்க தச்சரும் ஒரு நாள் முழுவதும் இழைப்புளி பிடித்துச் செய்யும் சமன்பாட்டை அது அரை மணியில் செய்துவிடும். தறியில் நாடா ஓடும் பலகையை எண்ணிப் பாருங்கள். அதில் எங்கேனும் ஒரு மேடு இருந்தால் நாடா துள்ளும். ஒரு சிராய் இருந்தால் பாவிழை அறும். அத்தகைய பலகையை ஒரு முனை முதல் மறுமுனை வரை ஒரே கனமாக, கண்ணாடி போல் தேய்த்துக் கொடுக்கும் யந்திரத்தை நெசவாளர் சங்கம் வரவேற்காமல் வேறு யார் வரவேற்பார்கள்?

தொல்லை வேறிடத்தில் இருக்கிறது. “எங்கள் தகப்பனார் ஐம்பது ஆண்டுக் காலம் மரம் இழைத்தார். தூசி என்று ஒரு நாளும் பயந்ததில்லை. இப்பொழுது என்ன புதிதாக?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானது. விடையும் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது: தகப்பனார் இழைத்தார், மகன் தேய்க்கிறார். இழைப்புளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவுகிறது. சுருள் காலடியில் விழும். கூட்டி அள்ளி அடுப்பில் போடலாம். கைவாள் அறுக்கும் தூளும் பெரும்பாலும் பரும்படியாகவே இருக்கும். அதுவும் கீழே விழுந்துவிடும். தேய்ப்பு யந்திரமோ மரத்தை மாவாக அரைக்கிறது. அந்த மாவில் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும், பகுதி தெரியாது. தெரியாத பகுதிதான் நெஞ்சுக்குள் போகிறது.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். 100 மைக்ரான் அளவுள்ள தூள் மூக்கு மட்டத்திலிருந்து தரைக்கு ஆறேழு விநாடியில் வந்துவிடும். 10 மைக்ரான் அளவுள்ளதற்கு, அசையாத காற்றிலுங்கூட, எட்டு நிமிடம் போல வேண்டும். 1 மைக்ரான் அளவுள்ளது அரைநாள் மிதக்கும். தேய்த்தவர் யந்திரத்தை நிறுத்தி, கைகால் அலம்பி, சாப்பிட்டு, உறங்கிய பின்னும் அது அந்த அறையில் உலவிக்கொண்டிருக்கும். ஓட்டு வீட்டில் இருப்போர் இதனைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் கம்பம் போல் இறங்கும் நேரத்தில், யந்திரம் நின்று ஒரு மணி கழித்து அந்த வெயிலைப் பாருங்கள். பக்கத்தில் காற்று தெளிவாகத் தோன்றும். வெயில் விழும் இடத்தில் மட்டும் புகை போல் அசையும். அங்கே அசைவதுதான் அறை முழுவதும் இருக்கிறது.

அளவையும் கூறுகிறேன். ஓரடி அகலமும் நாலடி நீளமும் உள்ள தேக்குப் பலகையை ஒரு முறை கால் மில்லிமீட்டர் தேய்த்தால், ஏறத்தாழ 60 கிராம் தூள் உண்டாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஜனவரி முதல், கடின மரத்தூள் வேலையிடத்துக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று விதித்திருக்கிறது. பத்தடி அகலம், பதினைந்தடி நீளம், பத்தடி உயரமுள்ள பின்கட்டு அறை ஒன்றில் அந்த வரம்பை எட்டுவதற்கு 85 மில்லிகிராம் தூள் மிதந்தால் போதும். அதாவது, ஒரே பலகை ஒரே முறை உள்ளே போய் வந்ததில் உண்டான தூளில் எழுநூறில் ஒரு பங்கு. ஒரு கதவுக்கு எத்தனை பலகை, ஒவ்வொன்றும் எத்தனை முறை போகும் என்பதைப் பட்டறைக்காரர்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

இதனால் வரும் கேட்டை உலகம் அறிந்துகொண்டது ஒரு நாற்காலி ஊரில். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் ஹை விக்கம் என்னும் ஊர் உண்டு. சுற்றியிருக்கும் பீச்சு மரக் காடுகளை நம்பித் தலைமுறை தலைமுறையாக நாற்காலி செய்து பிழைத்த ஊர் அது. அங்கே காது, மூக்கு, தொண்டைச் சிகிச்சை செய்துவந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு என்ற பெண் மருத்துவர், மூக்கின் உட்புறத்தில் தோன்றும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் தம்மிடம் வருவோரிடையே அரிதாக இல்லை என்பதையும், வருவோரில் பலர் மரவேலைக்காரர் என்பதையும் கவனித்தார். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த மாக்பெத், அச்சிசன் ஆகிய மருத்துவர்களும் அவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. மறு ஆண்டே அந்நாட்டு அரசாங்கம் மரவேலைக்காரருக்கு வரும் அந்நோயைத் தொழிலால் வரும் நோயாக ஏற்று, நஷ்டஈட்டுக்கு உரியதாக்கிற்று. 1995-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று ஐயமின்றி வகைப்படுத்திவிட்டது. வேலை தொடங்கிய பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அந்நோய் தலைகாட்டுகிறது. தகப்பனாருக்கு ஒன்றும் வரவில்லை என்ற சாட்சியம் செல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

புற்றுநோய் அரிது. அதைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் காரியம் ஆக வேண்டும் என்பதில்லை. இளைப்பும் இருமலும் அரிதல்ல; மூக்கடைப்பும் கண்ணெரிச்சலும் அன்றாடம் காண்பவை. தேக்குத்தூள் சிலர் தோலில் அரிப்பை உண்டாக்கும். ஈட்டி மரத்தூள் அதைவிடக் கொடிது. ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னர்ச் சிறிதளவு தூள் பட்டாலும் உடம்பு கொதித்தெழும். கடைசியில் அவர் தொழிலையே விட நேரும். பஞ்சுத்தூசியைப் பற்றி நெசவாளருக்கும் நூற்பாலைத் தொழிலாளருக்கும் நான் கூறத் தேவையில்லை. விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பை இறுக்கும் அந்த நோய்க்கு ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றே பெயர் வழங்கியது. இத்தாலிய மருத்துவர் ரமசினி தொழில் நோய்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்ட 1700-ஆம் ஆண்டிலேயே, சணலும் ஆளியும் சிக்கெடுப்போர் படும் இருமலை எழுதி வைத்திருக்கிறார். மரத்தூசி மட்டும் எவ்விதத்தில் நல்ல தூசி?

ஆலையில் இந்தத் தூசிக்கு ஒரு மேற்பார்வையாளராவது உண்டு, சட்டம் உண்டு. ஒருவரும் இருவருமாக வேலை செய்யும் வீட்டுப் பட்டறையைத் தொழிற்சாலைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அதே வீட்டில் குழந்தை தூங்குகிறது, சோறு வேகிறது, கூடத்தில் பாவு விரிந்திருக்கிறது. கஞ்சி ஈரம் காயாத பாவில் தூள் படிந்தால் அது உதறினாலும் போகாது. ஆகவே நோயைப் பற்றிக் கவலைப்படாதவர்களும் நூலைப் பற்றியாவது கவலைப்பட்டே ஆக வேண்டும். சட்டம் நுழையாத இடத்தில் நுழையக்கூடியது சங்கம் ஒன்றுதான். ஏனெனில் பணம் சங்கத்துடையது.

சரி, தூளைப் பிடிப்பது எப்படி? சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பர் சிலர். மின்விசிறியைச் சுற்றவிட்டால் போய்விடும் என்பர் வேறு சிலர். விசிறி தூளை ஓரிடத்திலிருந்து எல்லா இடத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை. மூக்கில் துண்டைச் சுற்றிக்கொள்வதும் அத்தகையதே. துண்டின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்பதை நெசவாளரைவிட நன்றாக அறிந்தவர் யார்? முகத்தில் இறுகப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசம் பயன்படும். தாடியுள்ளவருக்கு அதுவும் ஒழுகும். முகக்கவசத்தை வேண்டாமென்று நான் கூறவில்லை. ஆனால் அது தேய்ப்பவரை மட்டும் காக்கும். அவர் அதைக் கழற்றிய பின்னரும் மிதக்கும் தூள் வீட்டாருக்கு உரியதாகிறது.

தூள் பிறக்கும் இடத்திலேயே அதை இழுத்துவிட வேண்டும். உருளையை மூடியிருக்கும் கவிகையில் இதற்கென்றே நாலங்குல வாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் குழாய் பொருத்தி, தூசி இழுக்கும் யந்திரத்தோடு இணைக்க வேண்டும். வீடு பெருக்கும் சிறு வாக்குவம் கிளீனர் இதற்குப் போதாது. அதன் இழுவிசை வலிது, ஆயினும் அது இழுக்கும் காற்றின் அளவு குறைவு. சிறிய உருளை யந்திரத்துக்கு நிமிடத்துக்கு 400 முதல் 600 கன அடி வரை காற்று ஓட வேண்டும். குழாய் குட்டையாகவும் நேராகவும் இருப்பது நலம். நெளிந்த ரப்பர்க் குழாயில் ஒவ்வொரு வளைவும் காற்றைத் தின்னும். இடையில் சைக்ளோன் என்னும் கூம்புத் தகரப் பாத்திரம் ஒன்று வைத்தால், காற்று அதனுள் சுழலும்போது கனத்த தூள் அடியிலுள்ள பீப்பாயில் விழுந்துவிடும். பைக்குப் பாரம் குறையும். அளவு கொடுத்தால் நம் ஊர்த் தகர வேலைக்காரரே அதைச் செய்து தந்துவிடுவார்.

பையில்தான் பலர் ஏமாறுகின்றனர். மலிவான துணிப்பை 30 மைக்ரானுக்கு மேற்பட்ட தூளைப் பிடித்து, அதனினும் நுண்ணியதை மறுபுறத்தில் ஊதிவிடும். அதாவது தரையில் விழக்கூடியதை வைத்துக்கொண்டு, நெஞ்சில் இறங்கக்கூடியதை அறை முழுவதும் தூவும். அத்தகைய பையை அறைக்குள் தொங்கவிடுவதைவிட இழுவை யந்திரம் இல்லாமல் இருப்பதே மேல் என்று கூடச் சொல்லலாம். குறைந்தபட்சம் ஏமாற்றமாவது இராது. ஒரு மைக்ரான் வரை பிடிக்கும் வடிகட்டி வாங்க வேண்டும். இயலாதெனில் இழுவை யந்திரத்தைச் சுவருக்கு வெளியே, அண்டை வீட்டார் சன்னல் இல்லாத பக்கத்தில், தனிச் சார்ப்பில் வைக்க வேண்டும். இழுவையை முதலில் ஓட்டி, பின்னர்த் தேய்ப்பு யந்திரத்தை ஓட்டுக. நிறுத்தும்போது இழுவையைச் சற்றுப் பின்னர் நிறுத்துக. தரையில் படிந்ததை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமலும், காற்றடித்து ஊதாமலும், ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

தேய்க்கும் முறையிலும் சிக்கனம் வேண்டும். 80-ஆம் எண் தாளிலுங்கூட ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படலாகாது. நுண்தாளில் அதனினும் குறைவு. ஆழமாக அழுத்தினால் மரம் கருகும், தாள் அடைபடும், மோட்டார் நின்றுபோகும். பெருங்கனத்தைக் குறைக்க வேண்டுமாயின் முதலில் இழைப்புளியை எடுத்துச் சுருளாகச் சீவிவிட்டு, கடைசி மெருகுக்கு மட்டும் உருளையிடம் கொடுப்பதே அறிவுடைமை. பாதித் தூள் பிறக்காமலே போய்விடும். அழுத்து உருளைகளுக்கு இடையேயுள்ள தூரத்தைவிடக் குட்டையான துண்டை உள்ளே விடவே கூடாது. அது திரும்பிப் பாயும். மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த யந்திரத்தின் அருகில் போகலாகாது என்பதையும் சொல்லித்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உலர்ந்த நுண்தூள் காற்றில் பரவி நிற்கும்போது ஒரு பொறி பட்டால் எரிவதில்லை, வெடிக்கும். கானடாவில் பர்ன்ஸ் லேக் என்னும் ஊரின் மர ஆலை 2012 ஜனவரியில் அவ்வாறே வெடித்து இருவர் மாண்டனர். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துப் பிரின்ஸ் ஜார்ஜ் ஊரில் மற்றோர் ஆலையிலும் அவ்விதமே நேர்ந்து இன்னும் இருவர் மாண்டனர். வீட்டுப் பட்டறையில் அவ்வளவு தூள் சேராது. ஆயினும் பழைய பலகையில் மறைந்திருக்கும் ஆணி உருளையில் பட்டுத் தெறிக்கும் பொறி, பையில் போய்ப் புகைந்துகொண்டேயிருந்து நள்ளிரவில் பற்றிக்கொள்ளக் கூடும். பழைய வார்னீஷைத் தேய்த்த தூள் குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறும். ஆகவே மாலையில் வேலை முடிந்தவுடன் பையையும் பீப்பாயையும் காலி செய்து, தூளை மூடியுள்ள தகரத்தில், வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். பீடி பிடிப்போர் பட்டறை வாசலுக்கு அப்பால் நிற்கட்டும்.

பிடித்த தூளை என் செய்வது? தோட்டக்கார அங்கத்தினர் பலர் உடனே கையை நீட்டுவர். கொடுக்கலாம், ஆயினும் நேராக மண்ணில் கொட்ட வேண்டாம். மரத்தூளில் கரிச்சத்து தழைச்சத்தைப் போல் சில நூறு மடங்கு இருக்கிறது. அதைத் தின்று செரிக்கும் மண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுத்து நிற்கும். உரமிட்டும் கத்தரி மஞ்சளாகிறதே என்று திகைப்போர் தாம் எதைக் கொட்டினோம் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். சாணமும் கோமியமும் பசுந்தழையும் கலந்து எருக்குழியில் மாதக்கணக்கில் மக்கவிட்டு, பின்னர் இடுவதே முறை. தேய்ப்புத் தூள் மாவு போன்றதாகையால் தனியே போட்டால் களி போல் இறுகிக் காற்றை அடைத்துவிடும்; வைக்கோலும் இழைப்புச் சுருளும் இடையிடையே கலக்க வேண்டும். கோழிக்கொட்டகைக்குச் சுருளைக் கொடுங்கள், மாவைக் கொடுக்காதீர்கள். நம்மை இருமச் செய்வது கோழியையும் இருமச் செய்யும். மரத்தூள் அடுப்புக்கும் வாள் அறுத்த பருந்தூளே உகந்தது. நுண்தூளை எரியும் அடுப்பில் கொட்டினால் ‘பக்’கென்று முகத்தில் பாயும்.

ஒட்டுப்பலகை, அச்சுப்பலகை ஆகியவற்றைத் தேய்த்த தூளும், வண்ணம் பூசிய பழைய மரத்தூளும், மருந்தேற்றிய கம்பத்தின் தூளும் எருக்குழிக்கும் கூடாது, கொட்டகைக்கும் கூடாது, அடுப்புக்கும் கூடாது. பிசினும் ஈயமும் ஆர்சனிக்கும் அவற்றில் இருக்கக்கூடும். அவற்றுக்குத் தனிச் சாக்கு வைத்து அடையாளமிட வேண்டும். இரண்டையும் ஒரே பீப்பாயில் கலந்துவிட்டால், நல்ல தூளும் எதற்கும் உதவாமற் போகும்.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பணம் ஏது என்ற கேள்வி எழும். நல்ல இழுவை யந்திரமும் வடிகட்டியும் சேர்ந்தால் செலவு தேய்ப்பு யந்திரத்தின் விலையோடு போட்டியிடும் என்பது உண்மையே. அதனால்தான் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்கிறேன். யந்திரம் முதலில், தூசிக்கருவி வருமானம் வந்த பிறகு என்று சொல்லித் தொடங்கிய இடங்களில் அந்தப் பிறகு வருவதில்லை. வருமானம் வந்தால் அடுத்த யந்திரம் வரும்.

இதற்குக் கூட்டுறவு வழி ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. ஒரு தச்சர் இந்த உருளையை வாரத்தில் சில மணி நேரமே ஓட்டுவார். மீதி நேரம் அது சும்மா நிற்கும். ஐந்து வீட்டில் ஐந்து யந்திரம் சும்மா நின்று, ஐந்து வீட்டிலும் தூசி பறப்பதைவிட, சங்கக் கிடங்கை ஒட்டிய காலி மனையில் ஒரு கொட்டகை போட்டு, ஒரே பெரிய யந்திரமும் அதற்கேற்ற இழுவையும் வைத்து, அங்கத்தினர் முறை வைத்துப் பலகை கொண்டுவந்து தேய்த்துச் செல்லலாம். மணிக்கணக்கில் ஒரு சிறு கட்டணம் வாங்கினால் தாளும் மின்சாரமும் ஈடாகும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பலகையைத் தூக்கிச் சுமக்க வேண்டும், பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் மெருகு வேலை கைநழுவும் என்ற ஆட்சேபங்கள் உண்டு. கடைசி ஆட்சேபம் கனமானது. மெருகு வேலைக்கு வரும் பெண்களுக்குக் கொட்டகையில் தனி நாளும் தனி நேரமும் ஒதுக்கி, சமமான கூலியும் கொடுத்தாலன்றி இந்த யோசனையை நானே ஆதரிக்க மாட்டேன்.

கொட்டகை எழும்வரை கடன் விண்ணப்பத் தாளில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தூசி இழுக்கும் சாதனத்தின் விலைப்பட்டியலும், அது வைக்கப்படும் இடத்தின் வரைபடமும் இணைக்கப்பட வேண்டும் என்று. பணத்தைப் பட்டுவாடா செய்யுமுன் நிர்வாகக் குழுவினர் ஒருவர் நேரில் சென்று குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது என்று பார்த்துவர வேண்டும். ஏற்கெனவே யந்திரம் வாங்கிவிட்டவர்களுக்கு இழுவைக்கென்று தனியே ஒரு சிறு கடன், குறைந்த வட்டியில், முன்கடன் பாக்கியைக் காட்டித் தடுக்காமல் கொடுக்க வேண்டும். பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஆட்சேபமுள்ள அங்கத்தினர்கள், முக்கியமாகப் பட்டறை வைத்திருப்போர், தங்கள் கருத்தை முன்னதாக எழுத்து மூலம் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால், தீர்மானத்தின் வாசகத்தை அவற்றுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.